பாட்டுக்கு முன்னால் பெயரைச் சொல்லுங்கள்

பண்பலை வானொலி நிலையங்களுக்கும், பாட்டுச் செயலிகளை நடத்துபவர்களுக்கும், திரைப்பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் பாடகன் இல்லை. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. 45 வருடங்களுக்கு மேலாகத் தமிழ்த் திரைப்பாட்டு கேட்டு வருகிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போன மாதம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "அப்பா, இதைக் கேளேன். இந்தக் குரல் யாருது?" என்றாள். 'கருத்தம்மா' படத்தில் வரும் 'போறாளே பொன்னுத்தாயி'. அந்தப் பாட்டுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்றை உன்னி மேனனும் சுஜாதாவும் பாடியிருப்பார்கள். இன்னொன்று ஸ்வர்ணலதா தனியாகப் பாடிய சோகப் பாட்டு. மகள் கேட்டது இரண்டாவதை. போனை வாங்கிப் பார்த்தேன். படத்தின் பெயர் இருந்தது. இசையமைப்பாளர் பெயர் இருந்தது. பாடியவர் பெயரைக் காணவில்லை. எழுதியவர் பெயரும் இல்லை. இன்னும் உள்ளே எங்காவது இருக்குமோ என்று அங்கே இங்கே தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டுக்காக ஸ்வர்ணலதாவுக்கு 1994-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது கிடைத்தது. அந்த ஆண்டு பாடலாசிரியருக்கான தேசிய விருது வாங்கிய வைரமுத்துவுக்கும் அந்தப் படத்தின் பாட்டு ஒரு காரணம். அப்படிப்பட்ட பாட்டுக்கே இந்தக் கதி. ஸ்வர்ணலதா 2010 செப்டம்பரில் இறந்துபோனார். வயது 37. "நான்தானே பாடினேன், என் பெயரைப் போடுங்கள்" என்று கேட்க அவர் இனி வரமாட்டார். அதனால்தான் நான் கேட்கிறேன்.

என் மகளுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் ஸ்வர்ணலதாவைப் பற்றிச் சொன்னேன். 'மாலையில் யாரோ' கேட்க வைத்தேன். 'எவனோ ஒருவன்' கேட்க வைத்தேன். 'போவோமா ஊர்கோலம்' வந்ததும், "இதுவும் அவங்களா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று பாட்டையும் அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பாடியவர் ஒருவர்தான் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

எனக்குச் சொல்ல ஆள் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். அப்பா காலையில் டிரான்சிஸ்டரைத் திருகி வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவார். மயில்வாகனன் அவர் காலத்துக் குரல். என் காலத்தில் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது. ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னாலோ பின்னாலோ படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் சொல்வார்கள். அவசரமாக ஒப்பிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்வதுபோல் இருக்கும். வாலி எழுதியது எது, கண்ணதாசன் எழுதியது எது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கொழும்பிலிருந்து வந்த குரல்கள்தான் சொல்லித்தந்தன. நம் ஊர் விவித்பாரதியிலும் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் சொல்லாமல் பாட்டு வந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படிக் கேட்டதை எழுதி வைக்க ஒரு 80 பக்க நோட்டு போட்டேன். அடிக்கோல் வைத்து ஐந்து கட்டம்: பாட்டு, படம், பாடியவர், எழுதியவர், இசை. பேனா எடுப்பதற்குள் அறிவிப்பு முடிந்துவிடும், அதனால் பென்சிலை நூலில் கட்டி ரேடியோ பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தேன். இப்போது அந்த நோட்டு மூன்றாகிவிட்டது. முதல் நோட்டின் அட்டை போய்விட்டது, பழைய காலண்டர் தாளில் உறை போட்டிருக்கிறேன்.

பெயர் தெரிந்தால் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 'கண்ணே கலைமானே' பாட்டை முதலில் தாலாட்டு என்றுதான் கேட்டேன். அது கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு என்றும், 1981 அக்டோபரில் அவர் சிகாகோவில் இறந்தபிறகு, மறு வருடம்தான் 'மூன்றாம் பிறை' வந்தது என்றும் தெரிந்த பிறகு அதே பாட்டில் என் கவனம் முழுக்கச் சொற்களின் மேல் போய்விட்டது. ஜேசுதாஸ் குரலுக்குக் கீழே கவிஞர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. 'ஆனந்த யாழை' கேட்கும்போதும் அப்படித்தான். மகள் பிறந்த வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காமல் இருக்காது. அதை எழுதிய நா. முத்துக்குமார் 2016-இல் 41 வயதில் போய்விட்டார். அவர் வரிகளை எத்தனையோ பேர் தங்கள் குழந்தை படத்துக்குக் கீழே எழுதிக்கொள்கிறார்கள், கீழே பெயர் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பாட்டு எடுக்கும் இடத்திலேயே பெயர் இல்லாதபோது அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா பொழிகிறது'. அந்தப் பாட்டு தொடங்கும் கிடாரை ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். எஸ்.பி.பி. வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நாம் அந்தப் பாட்டுக்குள் போய்விடுகிறோம். தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டி வரும் அந்த ஓட்டத்தில் ஒரு இடத்தில்கூட அவசரம் இல்லை. பல்லவி வந்த பிறகும் கிடார் ஒதுங்கி நிற்காமல் குரலுக்குக் கீழேயே நடந்து வருகிறது, சரணத்துக்கு முன்னால் மறுபடியும் மேலே வருகிறது. எங்கள் தெருவில் கிடார் வாங்கிய பையன்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் வாசித்துப் பார்த்தார்கள்.

என் நோட்டில் அந்தப் பாட்டுக்கு ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தது. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா. ஆனால் அந்த விரல்கள் யாருடையவை? அதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குப் பல வருடம் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் மெல்லிசைக் குழு கச்சேரி. கிடார் வாசித்தவர் அந்தப் பாட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். கச்சேரி முடிந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து பாராட்டினேன். அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு என்னங்க இருக்கு. அது சந்திரசேகர் சார் வாசிச்சது. அவர் வாசிச்சதைத்தான் நாங்க எல்லாரும் பார்த்து எழுதுறோம்." ஆர். சந்திரசேகர். இளையராஜா குழுவின் கிடார் கலைஞர். அன்று இரவு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து ஆறாவதாக ஒரு கோடு போட்டேன். மேலே 'வாசித்தவர்' என்று எழுதினேன்.

அந்த ஆறாவது கட்டத்தை நிரப்ப முப்பது வருடமாக முயல்கிறேன். முக்கால்வாசி காலியாகத்தான் இருக்கிறது. அருண்மொழி என்ற பெயரில் பாடுகிறவரும் இளையராஜாவின் புல்லாங்குழல்காரர் நெப்போலியனும் ஒருவரே என்று தெரிந்தபோது இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மானுவல், பேஸ் கிடார் சசிதரன், வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆனால் எந்தப் பாட்டில் யார்? அங்கேதான் நிற்கிறது. ஒரு பாட்டின் இன்டர்லூடில் 20 நொடி வரும் ஒரு வயலினுக்காக அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த 20 நொடிக்குப் பெயர் இல்லை.

முன்பு இப்படி இல்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜானகியின் பெயரைச் சொல்லும் எவரும் அடுத்த மூச்சில் காருக்குறிச்சி அருணாசலத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. குரலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போகும் அந்தப் பாட்டில் இரண்டு பேரும் சமம் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கையில் நாதஸ்வரம் இருந்தாலும் ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது ஊருக்கே தெரியும். சொன்னார்கள், அதனால் தெரிந்தது. நாதஸ்வரத்துக்குச் செய்ததைக் கிடாருக்கும் பேஸுக்கும் தபேலாவுக்கும் செய்யாமல் விட்டுவிட்டோம்.

ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு இதில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதற்கு அவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவருடைய ஆல்பங்களின் உறைக்குள் மடித்து வைத்த தாளில் வாத்தியம் வாசித்தவர்கள் பெயரும் ஒலிப்பதிவு செய்தவர் பெயரும் பொடி எழுத்தில் வரும். புல்லாங்குழல் நவீன், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ், தாளத்துக்குச் சிவமணி, ஒலிப்பதிவுக்கு எச். ஸ்ரீதர் எல்லோரும் எனக்கு அந்தத் தாள் வழியாக அறிமுகமானவர்கள்தான். 'பம்பாய்' தீம் இசையில் ஒரு புல்லாங்குழல் வருமே, அது நவீன் வாசித்தது. தேசிய விருதுகள் வாங்கிய ஸ்ரீதர் 2008 டிசம்பரில் காலமானபோது, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத எனக்குத் தெரிந்தவர் ஒருவரை இழந்ததுபோல் இருந்தது. அந்தப் பொடி எழுத்து செய்த வேலை அது.

அப்புறம் கேசட் போனது, சிடி போனது, உறை போனது. உறையோடு பெயர்களும் போய்விட்டன. முன்பு ஒரு சின்னத் தாளில் இடம் இல்லை என்று சொல்லலாம். இன்று திரையில் இடத்துக்கு என்ன பஞ்சம்? பாட்டு ஓடும்போது வரிகளை ஒவ்வொன்றாக ஒளிரவைக்க உங்களால் முடிகிறது. அந்த வரிகளை எழுதியவரின் பெயரை மட்டும் போட முடியவில்லையா?

இசை நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செயலிக்குப் பாட்டோடு விவரமும் உங்களிடமிருந்துதான் போகிறது. அங்கே ஒரு பெயர் தவறாக ஏறினால் எல்லாச் செயலிகளிலும் அதே தவறுதான் வரும். ஜானகி பாடியதை இன்னொருவர் பெயரில் பார்த்திருக்கிறேன். 'செந்தூரப் பூவே' ஜானகிக்கு முதல் தேசிய விருது தந்த பாட்டு, எழுதியவர் கங்கை அமரன். அவர் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன், நான் பார்த்த இரண்டு செயலிகளிலும் இல்லை. எழுபதுகளின் பாட்டுக்கு 2014 என்று வருடம் போட்டிருப்பதையும் பார்க்கிறேன். பழைய பாட்டுகளைத் தொகுத்து நீங்கள் ஏற்றிய வருடம் அது. அந்தப் பாட்டு எந்தக் காலத்தில் பிறந்தது என்பதே அதனால் அழிந்துபோகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் படித்துப் பார்த்தேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவின் மேல் அதைத் தயாரித்தவர், உரிமையாளர், முதலில் வெளியான ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. உரிமையாளர் பெயர் கட்டாயம். அதை எல்லோரும் ஒழுங்காகப் போடுகிறீர்கள். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, நிகழ்த்துகிற கலைஞர் தன் பெயரால் அடையாளம் காட்டப்பட உரிமை உள்ளவர் என்கிறது, பயன்படுத்தும் விதத்தால் அது முடியாமல் போனால் ஒழிய. பாடகர் மட்டும் இல்லை, வாத்தியம் வாசிப்பவரும் சட்டத்தின் கண்ணில் அப்படிப்பட்ட கலைஞர்தான். அதே திருத்தத்தில் வந்த 31டி பிரிவு வானொலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. சட்டம் தரும் உரிமத்தின் கீழ் பாட்டை ஒலிபரப்பினால், படைத்தவர் பெயரையும் முதன்மைக் கலைஞர்கள் பெயரையும் ஒலிபரப்போடு அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் வழக்குப் போடுகிறவன் இல்லை. நான் கேட்பது புதிதான சலுகை ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

பண்பலை நிலையங்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் கலகலப்பு எனக்குப் பிடிக்கும். இரவு வேலை பார்ப்பவர்களுக்கும் தனியாக வண்டி ஓட்டுபவர்களுக்கும் நீங்கள் எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாள் ஒரு நிலையத்தில் 'மாலையில் யாரோ' போட்டுவிட்டு வேறொரு பாடகியின் பெயரைச் சொன்னார்கள். நான் ஓரமாக வண்டியை நிறுத்தி அந்த நிலையத்துக்கு போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார், குறித்துக்கொள்கிறேன் என்றார். மறு வாரம் அதே பாட்டு, அதே தவறு. இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரம் வைத்துப் பார்த்தேன். படம், பாடியவர், எழுதியவர், இசை நான்கையும் நிதானமாகச் சொல்ல 8 நொடி போதும்.

இதில் அவசரமும் இருக்கிறது. டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீனிவாஸ் இருவரும் 2013-இல் போனார்கள். எம்.எஸ்.வி. 2015-இல். எஸ்.பி.பி. 2020 செப்டம்பரில். வாணி ஜெயராம் 2023 பிப்ரவரியில். பவதாரிணி அடுத்த ஜனவரியில். 'மயில் போல பொண்ணு ஒன்னு' பாடித் தேசிய விருது வாங்கிய குரல் அது. இவர்களின் பெயர்களாவது நமக்குத் தெரியும். எழுபது, எண்பதுகளில் காலை ஏழு மணிக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, சுரம் எழுதிய தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, மாலை பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கோரஸ் பாடிய பெண்கள் எத்தனை பேர்? எல்.ஆர். ஈஸ்வரியும் கோரஸ் பாடித்தான் வந்தார். அவர் முன்னால் வந்துவிட்டார், பின்னால் நின்றவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் இன்று இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. "இந்தப் பாட்டில் யார் வாசித்தது?" என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். பத்து வருடம் கழித்துக் கேட்க ஆள் இருக்காது.

அதனால் கேட்கிறேன். இசை நிறுவனங்கள் ஒரு சின்னக் குழுவை அமைத்து, இருக்கும் கலைஞர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் காதுக்கு அது உடனே தெரியும், தன் வில்லும் தன் மீட்டலும் யாருக்கு மறக்கும்? சொல்வதைப் பதிவு செய்து பாட்டின் விவரத்தோடு சேருங்கள். உங்கள் பழைய இசைத்தட்டு உறைகளையும் ஒலிப்பதிவுக் கூடக் கணக்குகளையும் தூசி தட்டிப் பாருங்கள். அன்றைய சம்பளச் சீட்டில்கூடப் பெயர் இருக்கும். செயலிக்காரர்கள் எழுதியவர், பாடியவர் பெயரை முதல் திரையிலேயே வையுங்கள், மூன்று தட்டலுக்குப் பின்னால் வேண்டாம். தவறு கண்டால் ரசிகர்கள் சொல்ல ஒரு வழி வையுங்கள், சொன்னதைத் திருத்துங்கள். வானொலிக்காரர்களிடம் அந்த 8 நொடி மட்டும் கேட்கிறேன்.

என்னிடம் இருக்கும் மூன்று நோட்டுகளையும் தரத் தயாராக இருக்கிறேன். 1979-லிருந்து எழுதியவை. சில பக்கங்களில் பென்சில் மங்கிவிட்டது, ஆனால் படிக்கலாம். ஐந்து கட்டங்களில் தவறு குறைவு என்று நம்பிக்கையோடு சொல்வேன். ஆறாவது கட்டத்துக்குத்தான் நீங்கள் வேண்டும்.

இரண்டாவது நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது. மாலையில் யாரோ, சத்ரியன், ஸ்வர்ணலதா, வாலி, இளையராஜா. அதற்கு அடுத்த கட்டம் 1990-லிருந்து காலி. முடிந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்